புளியங்கொட்டைச் சம்பளப் பட்டியல்

சம்பளம் கொடுப்பதைவிட, கொடுத்ததாக எழுதி வைப்பதே உயர்ந்த காரியம் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் உண்டு. பயப்படாதீர்கள், கண்ணுகளா. அவர்களும் நம்மைப் போல வெந்நீரில் குளித்து, இரண்டு வேளை சாப்பிட்டு, குழந்தைகளைக் கொஞ்சுகிறவர்கள்தான். நாகலக்ஷ்மி அவர்களிடம் அகப்பட்டுக்கொண்டது ஒரு நாலு மாதம். அந்த நாலு மாதத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

கல்கத்தாவிலிருந்து தலைநகரத்தைப் பெயர்த்து டில்லிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம் அது. கல்கத்தாவின் தென்கோடியில் இருந்த பாலிகஞ்சில் அப்போது வீடுகளைவிடக் குளங்கள் அதிகம். ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் நாகலக்ஷ்மியும் அவள் அகத்துக்காரர் மஹாதேவனும் குடியிருந்தார்கள். அவருக்கு ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம், நாற்பத்தைந்து ரூபாய் சம்பளம். அவளுக்கு வீட்டின் பின்கொட்டகையில் உறைத் தொழில். காகிதத்தை வெட்டி, மடித்து, படிகாரம் கலந்த மைதாப் பசையில் ஒட்டி, நூறு நூறாகக் கட்டிக் கடைகளுக்குப் போடுவாள். ஆறு வங்காளிப் பெண்களோடு ஆரம்பித்தாள்.

அவள் சம்பளம் கொடுத்த முறையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிற்பாடு அது கவர்ன்மெண்ட் விஷயமாகிவிட்டது.

அந்த ஊரில் தயிர் விற்கிறவன் சின்ன மண் கிண்ணங்களில் தயிர் வைத்துக் கொடுப்பான். சாப்பிட்டுவிட்டுத் தூக்கி எறிவதுதான் வழக்கம். நாகலக்ஷ்மிக்கு எறிய மனம் வரவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஒவ்வொரு கிண்ணத்திலும் சுண்ணாம்பால் ஒரு படம் போட்டு, பெண்ணுக்கு ஒன்றாகப் பலகையில் வரிசையாக அடுக்கினாள். ஒருத்திக்குக் குடை, ஒருத்திக்குச் சீப்பு, ஒருத்திக்கு நிலா. கிரிபாலா என்ற விதவை மட்டும் தனக்கு மீன் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். "எங்க வழக்கத்துல விதவை மீன் சாப்பிடக் கூடாது, கின்னிமா. பார்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றாள். வீட்டு எஜமானியை அவர்கள் கின்னிமா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் வங்காளத்தில் பேசியதை நான் நம் பேச்சில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

நூறு உறை ஒட்டிக் கட்டினால் அவரவர் கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை. சனிக்கிழமை சாயங்காலம் கிண்ணத்தைக் கவிழ்த்தால் இரண்டு கொட்டைக்கு ஓரணா. ஆறு பேருக்கும் எண்ணிக் கொடுத்து முடிக்க, அடுப்பில் பால் ஒரு கொதி வரும் நேரம் ஆகும். மூன்று வருஷத்தில் வந்த தகராறு ஒன்றே ஒன்றுதான். நிலா போட்ட கிண்ணத்திலிருந்து ஓர் எலி ஒரு கொட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. அந்த அரையணாவை நாகலக்ஷ்மி தானே ஏற்றுக்கொண்டாள்.

இப்படி இருக்கையில் ஆனி மாதத்தில் ஒருநாள் மஹாதேவன் கோட்டைக் கழற்றாமலே அடுக்களை வரைக்கும் வந்தார்.

"ஏண்டி, அலிப்பூர் ஆபீஸ் ஒண்ணுலேர்ந்து ஆர்டர் வாங்கிண்டு வந்திருக்கேன். மாசம் ரெண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் உறை. நூத்துக்கு ரெண்டணா."

"எந்த ஆபீஸ்?"

"சம்பளப் பட்டியல் பரிசோதனை இலாகா. கவர்ன்மெண்டுக்குச் சரக்கு போடறவா எல்லாரும் அவாகிட்ட வேலை பண்றவாளுக்கு ஒழுங்கா சம்பளம் கொடுக்கறாளான்னு பார்க்கற இலாகா."

"நல்ல காரியம்தான்" என்றாள் நாகலக்ஷ்மி. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள்.

ஆறு பேர் பத்தொன்பது பேரானார்கள். பலகை ஒன்று மூன்றாயிற்று. தயிர்க்காரனுக்கு ஒரே சந்தோஷம். ஒப்பந்தத்தில் பதினாலாவது ஷரத்து என்று ஒன்று இருந்தது. சம்பளம் பட்டியல்படி வழங்கப்பட வேண்டும், பட்டியல் இலாகாவில் தேற வேண்டும், பட்டியல் தேறும்வரை சரக்கின் பில்லும் தேறாது. மஹாதேவன் அதைப் பக்தியோடு இரண்டு தரம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பத்து நாள் கழித்து இலாகாவின் தலைமை உதவியாளர் ஸ்ரீனிவாசராகவன் பரிசோதனைக்கு வந்தார். நம்மூர்க்காரர். நெற்றியில் பளிச்சென்று நாமம், காலில் பம்ப் ஷூ. காபியை வாங்கிக் குடித்துவிட்டு, "ரிஜிஸ்டர் எங்கே, மாமி?" என்றார்.

"அதோ இருக்கே" என்று நாகலக்ஷ்மி பலகையைக் காட்டினாள்.

"நான் கேட்டது ரிஜிஸ்டர்."

"அதைத்தான் காட்டறேன். ரெண்டாவது பலகையில மூணாவது, மீன் போட்டது, கிரிபாலாவோடது. நேத்திக்கு எட்டு கொட்டை."

வேறு யாராவதாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிறவர்கள் அந்த இலாகாவில் நிலைப்பதில்லை. பேனாவை எடுத்து, சொல்லிக்கொண்டே எழுதினார்: "மண்ணாலான ரிஜிஸ்டர், உருப்படி பத்தொன்பது. பக்கங்கள், இல்லை. பதிவுகள், உதிரி." பிறகு மீன் கிண்ணத்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நம்பர் இல்லையே, மாமி."

"கொட்டைக்கு நம்பர் எதுக்கு?"

"ரூபாய் நோட்டுல நம்பர் இருக்கோல்லியோ? நம்பர் இல்லாத பதிவை இலாகா எப்படி நம்பும்? இந்தக் கொட்டை இந்தக் கொட்டைதான்னு நாளைக்கு யார் சொல்லுவா?"

நாகலக்ஷ்மி கல்யாணமான நாள் முதல் ரசத்துக்குப் புளி கரைத்து வந்தவள். அப்படி ஒரு கேள்வி இருக்கும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

பதினைந்து பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் பட்டியல் எழுதத் தனியாக ஆள் வேண்டும் என்பது விதி. தகுதியான ஆளை இலாகாவே அனுப்பியது. லக்ஷ்மிநாராயணன் என்று பெயர். தலைமை உதவியாளரின் மச்சினன். தகுதி அதுதான். இருபது ரூபாய் சம்பளம், அதை முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டும். அவன் பெயர் மட்டும் பட்டியலில் வராது. பட்டியல் எழுதுகிறவன் பட்டியலிலேயே இருந்தால் நடுநிலை தவறிவிடுமாம்.

லக்ஷ்மிநாராயணன் பாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். புளியங்கொட்டையின் வழவழப்பில் மை நிற்கவில்லை. மூன்று நாள் யோசித்து, கோணி ஊசியால் எண்ணைக் கீறி அதில் மையைத் தேய்க்கும் முறையைக் கண்டுபிடித்தான். அதற்காக இலாகாவிலிருந்து அவனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. ஒரு நாளைக்கு நாற்பது கொட்டைக்கு மேல் முடியவில்லை. மாதத்துக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கொட்டை விழுகிற இடம் அது. ஆகவே அவனுக்கு உதவியாக, தலா பன்னிரண்டு ரூபாயில், அவனுடைய சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். மூவருக்குமாக நாற்பத்து நாலு. மஹாதேவன் தம் சம்பளம் நாற்பத்தைந்தில் அதைக் கொடுத்துவிட்டு, மீதி ஒரு ரூபாயை வீட்டுச் செலவுக்குத் தந்தார்.

கிரிபாலா உறை மடித்துக்கொண்டே அவர்களைப் பார்த்தாள்.

"கின்னிமா, நான் ஒரு நாளைக்கு எண்ணூறு உறை ஒட்டறேன். இவர் நாற்பது கொட்டையில கீறல் போடறார். எனக்கு மாசம் ஆறேகால், இவருக்கு இருபதா?"

"அவர் உன் கணக்கைத்தான் எழுதறார்."

"என் கணக்கை எழுதறதுக்கு என்னைவிட மூணு மடங்கு கூலின்னா, நான் உறை ஒட்டறதை விட்டுட்டு என் கணக்கையே எழுதிக்கலாமே."

லக்ஷ்மிநாராயணன் தலையை நிமிர்த்தாமலே, "தன் கணக்கைத் தானே எழுதக் கூடாது. அது முறைகேடு" என்றான். அவன் வாய்திறந்து பேசியதில் நியாயமாகப் பட்டது அது ஒன்றுதான்.

ஆடி முடிந்தது. கொட்டைகள் எண்ணப்பட்டுக்கொண்டே இருந்தன. பத்தொன்பது பேரும் சனிக்கிழமைதோறும் பலகையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனார்கள். ஐந்தாவது சனிக்கிழமை நாகலக்ஷ்மியால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையிலிருந்த இரண்டு ஜோடி வளையலைக் கழற்றி, கடை வீதியில் அடகு வைத்துத் தொண்ணூற்றொரு ரூபாய் வாங்கி வந்து, கிண்ணங்களைக் கவிழ்த்துப் பழையபடி எண்ணிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த நாளே ஸ்ரீனிவாசராகவன் வந்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

"மாமி, என்ன காரியம் பண்ணிட்டேள். பட்டியல் தேறாம சம்பளம் கொடுத்துட்டேளே."

"வயிறு காயறதே, ஸார். அவா என்ன பண்ணுவா?"

"நீங்க கொடுத்தது சம்பளம் இல்லை, தர்மம். பட்டியல்படி கொடுத்தால்தான் சம்பளம். ஆகையால் ஆடி மாசச் சம்பளம் நீங்க இன்னும் கொடுக்கலை. அது ஒரு குற்றம்." ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டார். "ஆனா அவா கையில பணம் சேர்ந்துடுத்து. சேர்ந்த பணத்துக்கு இலாகா மறுபடியும் பில் தேற்றினா அது ரெட்டைச் செலவு. ஆகையால் ஆடி மாசத்துப் பணத்தை இலாகா தர முடியாது."

"கொடுக்கலைன்னும் சொல்றேள், கொடுத்தாச்சுன்னும் சொல்றேளே."

"ரெண்டும் வேற வேற பைல், மாமி" என்றார் அவர் பொறுமையாக.

அன்றிலிருந்து அவள் கையில் கொடுக்கவும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. காகித வியாபாரி கடனுக்குக் காகிதம் தந்தார். உறைகள் வண்டி வண்டியாக அலிப்பூருக்குப் போயின. ஆவணிச் சம்பளம் நின்றது. புரட்டாசியும் பிறந்தது.

கிரிபாலா வாய்க்காரிதான், ஆனால் கேட்டு வாங்குகிறவள் அல்ல. அவள் ஒருநாள் பசைக் கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"என் பெண்ணை வைகாசியில டயமண்ட் ஹார்பர் பக்கம் கட்டிக் கொடுத்தேன். கல்யாணமாகி முதல் துர்க்கா பூஜை இது. பெண் வீட்டிலேர்ந்து சீர் போகணும். ஒரு புடவை, மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி, ஒரு சட்டி சந்தேஷ் மிட்டாய். ஷஷ்டிக்குள்ள போய்ச் சேரலைன்னா, அவ மாமியார் வருஷம் பூராவும் அதையே சொல்லிச் சொல்லிச் சோறு போடுவா. மஹாளய அமாவாசைக்குள்ள என் கொட்டையைக் காசாக்கிக் கொடுத்துடுங்க, கின்னிமா. எட்டணா குறைஞ்சாலும் பரவாயில்லை."

"ஒரு கொட்டை குறையாது" என்றாள் நாகலக்ஷ்மி. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வாக்கு என்று அவளுக்கு உறைத்தது. மற்றப் பதினெட்டுப் பேரும் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நல்ல வேளையாக, கொட்டைகளுக்கு எண் போட்டு முடிந்தது. கிண்ணங்களை வைக்கோலில் பொதிந்து, அரக்கு முத்திரை வைத்து, இலாகாவுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். இனி கைநாட்டு ஒன்றுதான் பாக்கி. பத்தொன்பது பெண்களும் அலிப்பூருக்கு நேரில் வந்து, தாங்கள் தாங்கள்தான் என்று கட்டைவிரலால் நிரூபிக்க வேண்டும்.

நாகலக்ஷ்மி அவர்களை அழைத்துக்கொண்டு நடந்தே போனாள். இலாகாவின் கூடத்தில் மேஜைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு மேஜையிலும் அவள் கொட்டகையில் செய்த உறைகள் குவிந்து கிடந்தன. ஒரு குமாஸ்தா ஓர் உறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்து, முதுகில் ஒரு கோடு போட்டு, வேறோர் உறையில் வைத்துப் பக்கத்து மேஜைக்குத் தள்ளினான். பழைய உறையைக் கிழித்துக் கூடையில் போட்டான். கூடை நிரம்பினால் ஒரு சேவகன் கொண்டுபோய்க் கொளுத்தினான். கிரிபாலா அந்தப் புகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். மையில் விரலைத் தோய்த்துத் தாளில் அழுத்தினாள். தாளில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. ரேகை இல்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் வட்டம். அடுத்தவள் வந்தாள், வட்டம். பத்தொன்பது பேருக்கும் மொழுமொழுவென்று வட்டம்தான். பழைய ஆறு பேர் வருஷக்கணக்காகவும், புதியவர்கள் மூன்று மாதம் ஓயாமலும் படிகாரப் பசையில் ஊறி, மடிப்பு மடிப்பாகத் தேய்த்துத் தேய்த்து, அந்தக் கட்டைவிரல்களில் ரேகையே மிச்சமில்லை.

ஸ்ரீனிவாசராகவன் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"சட்டம் தெளிவா இருக்கு, மாமி. கைநாட்டு விழாத கை, கை இல்லை. கை இல்லாதவா எப்படி உறை ஒட்டியிருப்பா?"

நாகலக்ஷ்மி இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் திணறினாள். கிரிபாலாவே பொறுக்க மாட்டாமல் என்னவென்று கேட்டு வாங்கிக்கொண்டு, அவர் மேஜையில் இருந்த உறையை எடுத்து அடி மடிப்பைக் காட்டினாள்.

"பாபுகிட்ட சொல்லுங்க. இது என் மடிப்பு. மூலையில நகத்தால ஒரு கீறல் வைப்பேன், பசை கசியாம இருக்க. இந்தக் கூடத்துல இருக்கிற உறையெல்லாம் நாங்க வேலை செஞ்சோம்னு சொல்லுதே, இவருக்கு மட்டுமா காது கேட்கலை?"

"உறை சாட்சி ஆகாது" என்றார் அவர். "உறை அலுவலகச் சாமான்."

ஆனால் ஒன்று, இலாகா கைவிடுகிற இலாகா இல்லை. மேலதிகாரிகள் மூன்று கூட்டம் போட்டார்கள். ரேகை உள்ள நம்பகமான ஒரு கட்டைவிரல், ரேகையற்ற பத்தொன்பது விரல்களின் சார்பாக நாட்டு வைக்கலாம் என்று முடிவாயிற்று. பட்டியலை எழுதியவன் என்ற முறையில் லக்ஷ்மிநாராயணன் தன் கட்டைவிரலைத் தந்து உதவினான். பத்தொன்பது நாட்டும் ஒன்றுபோல, கண்ணாடியாக விழுந்திருந்தன. அப்படி ஓர் அழகான பட்டியல் அந்த இலாகாவில் அதற்கு முன் வந்ததில்லை என்று மஹாதேவனே நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"அப்போ பணம் வந்துடும்?"

"வந்துடும். நடுவுல இன்னொரு நல்ல சேதி. ஒரே தடவையா ரெண்டு லட்சம் சின்ன உறை கேட்டிருக்கா. ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு சீட்டு. ஒவ்வொரு சீட்டும் முப்பத்து நாலு மேஜை தாண்டணும். மேஜைக்கு ஒரு புது உறை. கணக்கு சரியா வரது."

நாகலக்ஷ்மி சுவரைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் கூட்டினாள். "ஏன்னா, ரெண்டு லட்சம் உறை ஒட்டினா இன்னும் ரெண்டாயிரம் கொட்டை விழும். அந்தக் கொட்டைக்கு இன்னும் அறுபத்தெட்டாயிரம் உறை வேணும். அதை ஒட்டினா அதுக்கும் கொட்டை விழும்."

"அதைத்தான் வியாபாரம் வளர்றதுங்கறா" என்றார் மஹாதேவன்.

பெண்கள் அந்த இரண்டு லட்சத்தையும் ஒட்டினார்கள். தங்களுக்கு ஏன் இன்னும் கூலி வரவில்லை என்பதை மேஜைக்கு மேஜை எடுத்துச் செல்லும் உறைகள் அவை. கிரிபாலாவுக்கு அது தெரியும். தெரிந்தும் மூலையில் நகக்கீறலை வைக்கத் தவறவில்லை. கை பழகிவிட்டது.

மஹாளயத்துக்கு இரண்டு நாள் முன்னால், கட்டுகள் கொட்டகையின் கூரைவரை அடுக்கியிருந்த வேளையில், வாசலில் நாலு மாட்டு வண்டிகள் வந்து நின்றன. முதல் வண்டியிலிருந்து ஸ்ரீனிவாசராகவன் இறங்கினார். இரண்டாவதிலிருந்து லக்ஷ்மிநாராயணன், புதுக் கோட்டும் கம்பளி மப்ளருமாக. புரட்டாசிப் புழுக்கத்தில் கம்பளி ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

பெண்கள் எழுந்து நின்றார்கள். ஸ்ரீனிவாசராகவன் எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார். பேச்சை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்.

"இன்னிக்கு இலாகாவுக்கு ஒரு பெருமையான நாள். உங்களோட ஆவணி, புரட்டாசிப் பட்டியல், நூத்து எண்பத்தொரு ரூபாய் நாலணா, ஒரு பிழை இல்லாமல் தேறிவிட்டது. ஐயாயிரத்து எண்ணூறு பதிவு. ஒரு அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. இந்தப் பட்டியலுக்காக எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கு. அதை நான் உங்க எல்லாருக்கும் கிடைச்ச மரியாதையாவே எடுத்துக்கறேன். சிலபேர் சம்பளம் சம்பளம்னு கேட்கறா. சம்பளம் அற்ப வஸ்து. வாங்கின அன்னிக்கே அரிசியாப் போயிடும், துணியாப் போயிடும். பட்டியல் அப்படி இல்லை. ஏழு வருஷம் பீரோவில் இருக்கும். உங்க பேரெல்லாம் அதுல இருக்கு. உங்க வம்சத்துல வேற யார் பேராவது கவர்ன்மெண்ட் பீரோவுக்குள்ள போயிருக்கா?"

நாகலக்ஷ்மி மொழிபெயர்க்கவில்லை. "பணம் எங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

"பணம் தயாரா இருக்கு. இலாகா நாளைக்கு டில்லிக்குப் போறது. கஜானாப் பெட்டி நேத்தே ரயில் ஏறியாச்சு. டில்லியில, ஐப்பசி மாசம் வேலை நாட்கள்ல பதினோரு மணியிலேர்ந்து ஒரு மணிவரைக்கும், கைநாட்டுக்கு உரியவர் நேரில் வந்து காட்டினா, அங்கேயே எண்ணிக் கொடுத்துடுவா."

"இவா எப்படி டில்லிக்கு வருவா?"

"இவா வரவேண்டாம், மாமி" என்றார் அவர், நல்ல சேதி சொல்கிறவர்போல. "கைநாட்டுக்கு உரியவர்னுதானே சொன்னேன். லக்ஷ்மிநாராயணன் வரான். பத்தொன்பது நாட்டும் அவனுடையதுதானே. இலாகா ஏற்கெனவே யோசிச்சு வெச்சிருக்கு. ஏழைகளுக்கு அலைச்சல் கூடாது."

மப்ளர் ஏன் என்று அப்போதுதான் விளங்கிற்று. லக்ஷ்மிநாராயணன் பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டிருந்தான், விலையுயர்ந்த சாமானைப் பத்திரப்படுத்துவதுபோல.

நாகலக்ஷ்மி பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. இப்போதும் குரலை உயர்த்தாமல் கிரிபாலாவிடம் இரண்டே வரியில் விஷயத்தைச் சொன்னாள். கிரிபாலா கையிலிருந்த உறையைக் கீழே வைத்தாள். லக்ஷ்மிநாராயணனின் கையையே பார்த்தாள். "அது நல்ல விரல்தான். ஒரு நாளும் வேலை செஞ்சதில்லை" என்றாள்.

ஸ்ரீனிவாசராகவன் வண்டிக்காரர்களுக்குச் சைகை காட்டினார். "சரி, அந்த ரெண்டு லட்சத்தை ஏத்திடலாம். உறை இல்லாமல் ஒரு சீட்டுகூட ரயிலேறக் கூடாதுன்னு உத்தரவு. ராத்திரிக்குள்ள பொதியணும்."

நாகலக்ஷ்மி கொட்டகை வாசலில் போய் நின்றுகொண்டாள்.

"ஏத்தறதுக்கு முன்னால ஒரு கேள்வி, ஸார். இந்த உறையெல்லாம் யார் ஒட்டினா?"

"இதென்ன, இவாதான்."

"இவாளுக்குக் கையே இல்லைன்னு நீங்க எழுதி வெச்சிருக்கேள். கை இல்லாதவா ஒட்டின உறை எப்படி இருக்க முடியும்? இல்லாத உறையை நான் எப்படி ஏத்தறது?"

அவர் மஹாதேவனைப் பார்த்தார். மஹாதேவன் கதவோரம் நின்று, "ஏண்டி, நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே" என்றார், கெஞ்சுகிற குரலில்.

"நீங்க கையெழுத்துதானே போட்டேள். உறை ஒட்டலையே."

"இது ஒப்பந்த முறிவு" என்றார் ஸ்ரீனிவாசராகவன். "இதுவரைக்கும் போட்ட சரக்குக்கு உண்டான பில் முழுசும் அபராதத்துல கழிஞ்சுடும். ஒரு தம்பிடி வராது."

"எழுதிக்கோங்கோ. எழுதினதைப் போட்டு வைக்க உங்ககிட்ட உறை இல்லை, சும்மாவே வெச்சுக்கோங்கோ."

நாலு வண்டிகளும் வெறுமையாகத் திரும்பின. அன்று ராத்திரி அலிப்பூரில் ஐயாயிரத்து எண்ணூறு சீட்டுகளை என்ன செய்தார்கள் என்று தெரியாது. கிண்ணங்களில் வைக்கோலுக்குப் பதிலாகத் திணித்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

மறுநாள் விடிந்ததும் நாகலக்ஷ்மி கிரிபாலாவைக் கூட்டிக்கொண்டு காளிகாட்டுக்குப் போனாள். கோவிலைச் சுற்றிக் குங்குமம் விற்கிற கடைகளுக்கெல்லாம் மொத்தச் சரக்குப் போடும் ஒரு வியாபாரி இருந்தார். பூஜைச் சமயத்தில் குங்குமம் பொட்டலம் கட்டித் தீராது. அவர் ஓர் உறையைப் பிரித்து, ஊதி, கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஒரு சிட்டிகை குங்குமத்தைப் போட்டு உலுக்கினார். மூலையில் ஒரு பொடி சிந்தவில்லை.

"நூத்துக்கு ஒண்ணரையணா. மொத்தமும் எடுத்துக்கறேன்" என்றார். "பட்டியல் ஏதாவது எழுதணுமா?"

"வேண்டாம்" என்று நாகலக்ஷ்மி சொன்ன வேகத்தில் அவர் சற்றே பயந்துவிட்டார்.

நூற்று எண்பத்தேழரை ரூபாய் வந்தது. மஹாளயத்தன்று காலையில் தயிர்க்காரனிடம் பத்தொன்பது புதுக் கிண்ணம் வாங்கி, சுண்ணாம்பால் குடையும் சீப்பும் நிலாவும் மீனும் போட்டாள். கொட்டைகள் இலாகாவோடு போய்விட்டன. ஆனால் பத்தொன்பது பேருக்கும் தங்கள் எண்ணிக்கை மனப்பாடம். அவரவர் வாயால் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் ஐயாயிரத்து எண்ணூறு. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. நூற்று எண்பத்தொரு ரூபாய் நாலணா பால் கொதிக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் பட்டுவாடா ஆயிற்று. அந்த இரண்டு லட்சம் உறைக்கு விழுந்த இரண்டாயிரம் கொட்டைக்கு மட்டும் தீபாவளிவரை தவணை கேட்டுக்கொண்டாள். மிச்சம் ஆறேகால் ரூபாய் காகித வியாபாரியின் கடனில் முதல் தவணையாகப் போயிற்று. வளையல் அடகுக் கடையிலேயே இருந்தது. பதின்மூன்று பேர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போனார்கள், பலகை மறுபடி ஒன்றாயிற்று. கிரிபாலாவின் சீர் பஞ்சமியன்று படகேறியது. சந்தேஷ் சட்டி கொஞ்சம் சின்னதுதான்.

டில்லியில் லக்ஷ்மிநாராயணன் ஐப்பசி முதல் வாரத்தில், பதினொன்றரை மணிக்கு, பத்தொன்பது பேருடைய சம்பளத்தையும் பெற்றுக்கொண்டான். பட்டியல் முழுமையடைந்தது.

அடுத்த மழைக்காலத்தில் டில்லியிலிருந்து நாகலக்ஷ்மிக்கு ஒரு கடிதம் வந்தது. உறை யாரோ ஒட்டியது. வழியிலேயே பசை விட்டு, காகிதம் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மஹாதேவன் நின்றுகொண்டே வாசித்தார்.

"பதிவேட்டு அறையின் கூரை ஒழுகியதில், மீன் குறியிட்ட மண் ரிஜிஸ்டரில் உள்ள எட்டுப் பதிவுகள் முளைத்து இலை விட்டிருப்பது தணிக்கையில் தெரியவந்துள்ளது. சம்பளம் பெற்றுக்கொண்ட பிறகு, முன் அனுமதியின்றித் தொழிலாளி தன் வேலையை வளர்த்துக்கொண்டதற்கான காரணத்தைப் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்."

"பதில் போடணுமே" என்று அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.

கிரிபாலா அந்தக் கடிதத்தை இரண்டு விரலால், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோலத் தூக்கிப் பார்த்தாள். நல்ல கெட்டிக் காகிதம், ஒரு பக்கம்தான் எழுதியிருந்தது. நாகலக்ஷ்மியைப் பார்த்தாள். நாகலக்ஷ்மி கத்தரிக்கோலை நகர்த்தி வைத்தாள். எழுத்து உள்பக்கமாகப் போக மடித்ததில் நாலு குங்கும உறை தேறிற்று.

உள்ளேயிருந்து மஹாதேவன் கேட்டார்: "அந்தக் கடிதத்தை எங்கே வெச்சே? அதோட நம்பரைக் குறிப்பிட்டுத்தான் பதில் எழுதணும்."

ஒரு கொட்டை விழ இன்னும் தொண்ணூற்றாறு உறை பாக்கி இருந்தது. கிரிபாலா விரலைத் தண்ணீரில் அலம்பிக்கொண்டு அடுத்த காகிதத்தை எடுத்தாள்.